கம்ப்யூட்டர் விட்டுவிட்ட பெயர்

17 நவம்பர் 1987, செவ்வாய்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா இன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மறுபடி மாத்திர வாங்க வரச்சொல்லி லெட்டர் வரும்னீங்க. எங்க வூட்டுக்காரு வாசலையே பாத்துக்கினு கெடந்து செத்துப் போய்ட்டாரு சார்."

அவர் கணவர் பெயரை, லெட்டர் அனுப்பும் புதுக் கம்ப்யூட்டரில் தேடினேன். இல்லை. பழைய பட்டியலில் இருந்தது, பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தோடு. பட்டியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது, புரியாத எழுத்து வந்தால் அந்த ஆளையே விட்டுவிட்டு மேலே போ என்று புரோகிராம் எழுதியவன் நான். எங்கும் நிற்காமல் ஓடி முடித்தது என்று பெருமை வேறு.

"தபால்ல தவறிப் போயிருக்கும்மா" என்றேன். நம்பிவிட்டார்.

எத்தனை பேரை விட்டது என்று எண்ணும்படியும் புரோகிராமில் நான் எழுதவில்லை. பழைய பட்டியலை வீட்டுக்கு எடுத்து வந்தேன். முதல் பக்கத்திலேயே கோடு போட்ட எழுத்தோடு மூன்று பேர்.