வெல்வெட்டில் குத்திய செருப்பாணிகள்

ஹாசல்ராத்,
செப்டம்பர் 9.

மைத்துனன் ஒட்மாருக்கு, குனிபெர்ட் எழுதுவது.

நீ செய்தது திருட்டு. என் பிறந்தநாளுக்கு நீ கொடுத்த பரிசு, ரோமானியப் படைமுகாமின் வாசலிலிருந்து தோண்டித் திருடியது. அனுமதி வாங்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், உன் உலோகம் தேடும் கருவியோடு ஷோமரின் வயலில் இறங்கி, இரண்டாயிரம் வருஷமாகக் கிடந்த கற்களை நெம்பினாய். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். அதுவும் எனக்கு மனசு வந்தால்.

ஜூன் மாதம் கோபித்துக்கொண்டு நார்வேக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். தொலைபேசியை எடுப்பதில்லை. சில்கே எடுத்து, "அப்பா தூங்குறார் மாமா" என்கிறாள். பட்டப்பகலில் தூங்க உன் அப்பன் என்ன கைக்குழந்தையா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துலதான் நிக்கிறார் மாமா, வேண்டாம்னு தலைய ஆட்டுறார்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம். இதனிடம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் தலையை ஆட்டிக்கொள்.

அன்று நடந்ததை அங்கே எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பாசமாகப் பரிசு கொடுத்தேன், கேக் மேசையில் எல்லார் முன்னாலும் கிழவன் கத்திவிட்டான் என்று. கத்தினேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் சிவப்பு வெல்வெட், அதில் வரிசை வரிசையாக ரோமானியச் சிப்பாய்களின் செருப்பாணிகள், ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மினுக்கியிருந்தாய். "மச்சான், இந்தா உன் சீசரோட பட்டாளம். வரிசையா நிக்குது பாரு" என்றாய். அப்போது, அந்த முகாமை அகழ்ந்து ஆராயும் டாக்டர் ஹென்ரிகேயின் முகத்தை நீ பார்த்தாயா? அன்று காலையில்தான் அவள் முகாம் வாசலை மூடியிருந்த மண்ணை விலக்கி, கற்களுக்கு நடுவே வெறும் குழிகளைப் பார்த்துவிட்டு, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவனோ ஊர் பேர் தெரியாத திருடன் என்று நினைத்திருந்தோம். திருடன் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

உனக்கு இன்னும் புரியவில்லை என்றால் ஒருமுறை எழுதுகிறேன். ஓர் ஆணியின் வயது பாதி அதன் இரும்பில் இருக்கிறது, பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. பாவிய கல்லின் இடுக்கில் மாட்டிக்கொண்ட ஆணி, அந்த வாசலில் நடந்தவனின் செருப்பிலிருந்து உதிர்ந்தது. உழுத மேல்மண்ணில் கிடப்பது எவன் செருப்பிலிருந்தும் உதிர்ந்திருக்கலாம். நீ பிடுங்கினாய், தேய்த்தாய், எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டாய். பாதி வயதை அங்கேயே கொட்டிவிட்டு வந்தாய்.

இதை வேறு எவன் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மாதா கோயில் கூரையில் நான் பலகைக்கல் வேய்ந்துகொண்டிருந்தபோது ஏணியைப் பிடித்தவன் நீ. ஷோமரின் வயலில் ஓடும் அந்த நீள மண்மேடு மூலையில் மடங்காமல் வளைகிறது என்று மேலிருந்து நான் கத்தினேன். "எப்படி வளையுது?" என்றாய். ஆட்டச் சீட்டின் முனை மாதிரி என்றேன். ரோமானிய முகாம்களின் மூலை அப்படித்தான் வளையும் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு, எட்டாம் வகுப்போடு நின்ற நான் லத்தீன் படித்தேன். மேலே குன்றில் இருக்கும், கெல்ட்டியர் என்ற பழங்குடியினரின் கோட்டையை முற்றுகையிட வந்த சீசரின் படைதான் கீழே இந்த முகாமைப் போட்டது என்று சொன்னேன். இல்லை, அது பிற்காலத்தில் வந்த ஹூணர் போட்ட மேடு என்று ஊர் சொன்னது. என்னைப் பார்த்து "என்ன சீசர், சாப்டாச்சா?" என்று கேட்டது. நீ மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த நீ!

டாக்டரோடும் எனக்குத் தினம் சண்டைதான். நான் சீசர் காலம் என்பேன். "மண்ணு சொல்லட்டும் குனிபெர்ட் ஐயா, நீங்க முந்திக்காதீங்க" என்பாள். சரியாகத்தான் சொல்கிறாள். அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இப்போது ஊர்ச் செய்தி. ஷோமர் அந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை கட்டப் போகிறான். வாசல் இருக்கும் இடத்தில்தான் கான்கிரீட் தளம் வருகிறது. முகாமின் காலம் உறுதியானால் நிலம் அரசுக் காப்பில் சேரும். இல்லையென்றால் அக்டோபர் கடைசியில் அவனுக்குக் கட்ட அனுமதி கிடைத்துவிடும். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நிலம் அவனுடையது. "உன் பட்டாளம் எனக்கு வாடகையாய்யா குடுக்குது? என் மாடு பால் குடுக்குது" என்கிறான். நீ இல்லாமல் சீட்டுக்கு மூன்றாவது கை இல்லை. நானும் அவனும் கட்டைக் கலைத்துவிட்டு, வெறும் பீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறோம்.

போன வாரம் உன் கண்ணாடிச் சட்டத்தை உடைத்தேன். ஆத்திரத்தில் இல்லை, டாக்டர் கேட்டாள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு, பசையை ஊறவைத்து, ஒவ்வோர் ஆணியாக வெல்வெட்டிலிருந்து கழற்றினாள். ஒட்மார், நீ மேல்பக்கத்தை மட்டும்தான் தேய்த்திருக்கிறாய். பார்க்கிறவன் கண்ணுக்குப் படுகிற பக்கம். கொண்டையின் அடிப்பக்கம் துருவும் மண்ணுமாக அப்படியே பசைக்குள் இருந்தது. உன் சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. துருவை அவள் மெல்லச் சுரண்டினாள். ஒரு சிலுவைக் கோடு. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. சீசர் இந்தப் பக்கம் படை நடத்திய காலத்துச் செருப்பாணியில் இருக்கும் அடையாளம். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்க முந்திக்கலாம்" என்றாள்.

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் திரும்பினேன். அங்கே நீ இல்லை.

ஆனால் அது போதாது. இந்த மாதிரி ஆணி எந்தப் பழஞ்சந்தையிலும் கிடைக்கும், வாசலில்தான் கிடந்தது என்பதற்கு யார் சாட்சி என்று தொல்பொருள் அலுவலகத்தில் கேட்கிறார்கள். நீ தொடாத இடத்தில் ஏதாவது மிச்சமிருக்கும் என்று டாக்டர் வாசல் முழுவதையும் திறந்து பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. பிடுங்குவதை மட்டும் மிச்சம் வைக்காமல் செய்திருக்கிறாய்.

மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. போன வாரத்து ஆட்டத்தில் இஸ்பேட் பத்தை யார் எந்தச் சுற்றில் இறக்கினான் என்று இந்த வாரம் சண்டை பிடிக்கிறவன் நீ. என் தங்கை கெர்லிண்டை அடக்கம் செய்த அன்று, யார் யார் எந்த வரிசையில் வந்து உன் கையைப் பிடித்தார்கள் என்று எனக்கு ஒப்பித்தவன் நீ. எந்த ஆணி எந்தக் கல்லிடுக்கில் இருந்தது என்பது உன் தலைக்குள் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அபராதம் வரும். வரட்டும், வரத்தான் வேண்டும். பேப்பரில் உன் பெயர் வரும், ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்த ஊர்தானே, கொஞ்ச நாள் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். கத்தியதற்கு நான் வருத்தம் தெரிவிப்பேன் என்று காத்திருந்தால், அந்த ஊர்ப் பனியில் உறைந்துதான் போவாய்.

இனி செய்ய வேண்டியவை. சில்கே உனக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும், அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நீ அக்டோபர் முதல் வாரத்துக்குள் வந்து, அலுவலகத்தில் நின்று, நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு வாசலில் மண்டியிட்டு, ஆணிகளை அவை இருந்த இடத்தில் வைக்க வேண்டும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். எதையும் மினுக்காதே. டாக்டர் அளந்து, படம் எடுத்து, குறித்துக்கொள்வாள். நீ சொன்னது சரிதானா என்று மண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், உன்மேல் இரக்கம் காட்டமாட்டாள். அதுவரை ஷோமர் கான்கிரீட் வண்டியைக் கூப்பிடக் கூடாது. சீட்டுக்கட்டின்மேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் ரயிலடிக்கு வருவேன். உன் முழங்கால் மண்டியிட விடாது என்று தெரியும். கூரை வேலைக்கு நான் முட்டியில் கட்டிக்கொள்ளும் மெத்தையைத் தேடியெடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். கெர்லிண்டின் கல்லறைச் செடிக்கு இந்தக் கோடை முழுக்க நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அது உன் வேலை. வந்து செய்.

உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் அதிகம். ஆண்டவன் உன்னை நல்லபடியாக என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தட்டும். மிச்சத்தை நான் நேரில் கத்திக்கொள்கிறேன்.

குனிபெர்ட்