வெட்ட முடியாத காடு

மார்ச் 3
கால் தரையில் பாவவில்லை. என் மதிப்பீட்டுக் கணக்கு வந்துவிட்டது. கரிம வர்த்தகத்தில் சேர்ந்த மேல்காட்டில் ஒரு மரம்கூட விழவில்லை. சேராத கீழ்காடு பாதி மொட்டை. வெட்டாமல் விடுவதற்காகப் புகை விடும் ஆலைகள் தந்த பணம் மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இயக்குநர் என் அறைக்கே வந்து, "பிரிவுத் தலைவர் நாற்காலி உங்களுக்குத்தாம்மா" என்றார். எனக்கா? மின்விசிறிகூட ஓடாத இந்த மூலை அறைக்காரிக்கா?

மார்ச் 4
வீட்டுக்காரருக்கு விளக்கினேன். "நான்கூடத்தான் குடிக்காம இருக்கேன். எனக்கு யாராவது காசு தருவாங்களா?" என்றார்.
"குடிக்கிற ஆளா இருந்து விட்டிருந்தா தரலாம். நீங்கதான் வாடை பட்டாலே வாந்தி எடுக்கிற ஆளாச்சே."
இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மார்ச் 9
அறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்க மேல்காட்டுக்குப் போனேன். இதுவரை செயற்கைக்கோள் படத்தில் மட்டுமே பார்த்த காடு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சமதளம்தான்.

ஜீப் ஓட்டுநர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். "இதுக்கு மேல ஆடுகூட ஏறாது மேடம்." ஏறினேன். சறுக்கினேன். சேற்றில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தேன். செங்குத்துப் பாறை. இங்கே மரத்தை வெட்டினாலும் எப்படி இறக்குவது? பணம் தராவிட்டாலும் இதை யார் தொடப்போகிறார்கள்? வீட்டுக்காரர் குடிக்காத கதையேதான் இது. விழுந்து விழுந்து சிரித்தேன். கீழே நின்ற ஓட்டுநர், எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்றே நினைத்தார்.

கீழே வந்ததும் சிரிப்பு நின்றது. கீழ்காட்டில் மீதி நிற்கும் மரங்களில் சிவப்புப் பெயின்ட். அடுத்து வெட்ட வேண்டியவை. இதுக்கு யாரும் ஒத்தக் காசு தரல. என் அறிக்கையை வச்சு இதே கொள்கையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகப் போறாங்க. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 10
மாற்றி எழுதினால் நாற்காலி போச்சு. எழுதாவிட்டால் — அந்தச் சிவப்புப் பெயின்ட்.

மார்ச் 12
எழுதிக் கொடுத்துவிட்டேன். "நல்லா இருந்த கணக்கை ஏம்மா கெடுத்தீங்க?" என்றார் இயக்குநர். நாற்காலி பக்கத்து அறைக்காரருக்கு. அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. தலைகால் புரியாத சந்தோஷம், எதற்கென்றே தெரியவில்லை.

மார்ச் 20
கொள்கைக் குழு. வரைபடங்களைக் காட்டக் காட்டக் கொட்டாவி விட்டார்கள். "சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் குழுத் தலைவி. என் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்காரர் கதையை அவிழ்த்துவிட்டேன். அறையே சிரித்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நிஜமாவே குடிக்கிற ஆளு எங்க இருக்காரு?" என்று கேட்டார்.
"கீழ்காட்டுல, மேடம்."
அதற்கப்புறம் யாரும் கொட்டாவி விடவில்லை.

வீட்டில் சொன்னேன். "என் பேரைச் சொன்னியா?"
"இல்லை."
"பொழச்சேன்" என்றார்.

ஜூன் 2
கீழ்காட்டையும் கரிம வர்த்தகத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்று போனேன். சிவப்புப் பெயின்ட் அடித்த மரங்களில் அதற்கு மேலேயே, காக்க வேண்டிய மரம் என்று எண் தகடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தேன். புடவையெல்லாம் பிசின். துவைத்தாலும் போகாது, போகட்டும்.

ஒரு சிக்கல். பணம் வராத காடு என்று ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருந்தது கீழ்காடு ஒன்றுதான். அடுத்த மதிப்பீட்டுக்கு, காப்பாரில்லாமல் வெட்டுப்படுகிற வேறொரு காட்டைத் தேடச் சொல்லியிருக்கிறார் இயக்குநர்.

நாளை முதல் தேட வேண்டும். கிடைக்காமல் போனால் நன்றாக இருக்கும்.