என் தோளுக்கு அளவான ஒரே ரைபிள்

அனுப்புநர்
ம. இருதயம்மாள்,
க/பெ. காலஞ்சென்ற மரியசூசை,
கல்லூற்றுமேடு, போடிமெட்டு வழி,
உடும்பன்சோலை தாலுகா,
இடுக்கி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் – ஒரே ஆயுதமாக ரைபிளைத் தெரிந்தெடுத்தது – அதை நான் மட்டுமே கையாள அனுமதிக்கவும், என் கொழுந்தன் திரு. பாஸ்கல் அவர்களின் பெயரை அதில் சேர்க்காதிருக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். எழுதிக் கொடுப்பவரிடம் போனால் பொழுது சாய்வதற்குள் மேடு முழுக்கத் தெரிந்துவிடும். எனவே கையெழுத்தின் கோணலைப் பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவர் நட்டு வளர்த்த ஏலத்தோட்டத்தை வைத்துப் பிழைத்துவருகிறேன். கணவர் நெஞ்சுவலியால் இறந்துபோனார். ஒரே மகள் ஜோமோள் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கணவர் போனதிலிருந்து காட்டுப்பன்றித் தொல்லை அதிகமாகிவிட்டது. ஏலத்துக்குக் காய் பிடிக்கும் சரம் செடியின் உச்சியில் இருப்பதில்லை, தூரோடு ஒட்டித் தரையில் படர்ந்து கிடக்கும். பன்றி மண்ணைக் கிண்டும்போது முதலில் போவது அந்தச் சரம்தான். சென்ற பருவத்தில் மேல்பாத்தி முழுவதும் உழுதுபோட்டதுபோல் ஆகிவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னொரு பருவம் இப்படிப் போனால் தோட்டத்தை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய் ஒண்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

2. பஞ்சாயத்து அனுமதியோடு பன்றியைச் சுட வருபவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். அவர்கள் ஜீப் பிடித்து வந்து சேருவதற்குள் பன்றி தின்று முடித்துத் தூங்கப் போய்விடுகிறது. ஆகவே என் பெயரிலேயே உரிமம் கேட்டு விண்ணப்பித்தேன். பயிற்சிக்கும் போனேன். முதல் நாள் சிரித்தவர்கள் கடைசி நாள் சிரிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். விசாரணைகள் முடிந்து, ஒரே ஒரு துப்பாக்கிதான் அனுமதிக்கப்படும், அது எந்த வகை என்று எழுதிக் கொடுக்கவேண்டும் எனத் தங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

3. காரணம், என் மேல் இவ்வளவு பேருக்கு அக்கறை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. கணவர் இறந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட எந்தத் துப்பாக்கி நல்லது என்று சொல்ல வீடு தேடி வந்தார்கள். வாங்குவது ஒன்று, அது எல்லாவற்றுக்கும் ஆகவேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். அந்த எல்லாவற்றிலும் என் ஏலக்காய் இருந்ததா என்பதுதான் என் சந்தேகம். திருவிழாச் சப்பரம் புறப்படும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைக்க உதவுமா என்று பங்கு இளைஞர்கள் கேட்டார்கள். உதவாது என்று சொல்லி அனுப்பினேன்.

4. துப்பாக்கிக் கடைக்காரர் எடுத்துக் காட்டியது பாயிண்ட் டூ டூ என்னும் சிறிய ரைபிள். எடை குறைவு, லேடீஸுக்கு ஏற்றது என்றார். அதன் மேல் தூசி படிந்திருந்தது. நெடுநாள் விலைபோகாததை என் தலையில் கட்டப் பார்த்தார் என்று சந்தேகித்தேன். தவிர, அந்தச் சின்னத் தோட்டா எங்கள் மேட்டுப் பன்றியைக் காயப்படுத்தும், சாகடிக்காது. காயம்பட்ட பன்றி தோட்டத்தில் நிற்கும்போது காலையில் காய் எடுக்கப் போகிற பெண்கள் அந்தப் பக்கம் நடக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தேநீர் வரவழைத்தார்.

5. வனத்துறை வாட்சர் திரு. அழகுமலை, இரட்டைக்குழல் துப்பாக்கியே போதும் என்றார். அதில் ஒரு வெடிக்குச் சிறுசிறு ஈயக் குண்டுகள் பல சிதறிப் போகும் என்பதால், "குறி கொஞ்சம் தப்புனாலும் ஒண்ணு ரெண்டாவது பன்னி மேல படும்க்கா" என்பது அவர் வாதம். என் குறி தப்பும் என்று அவராகவே முடிவுசெய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். போன வருடம் பஞ்சாயத்து அனுமதியோடு வந்த ஒருவர் என் தோட்டத்தில் அப்படிப்பட்ட துப்பாக்கியால் சுட்டார். பன்றி ஓடிவிட்டது. வெடித்த திசையில் இருந்த தூர்களில் எல்லாம் சரம் கிழிந்து பூவும் பிஞ்சுமாகத் தொங்கியது. பன்றி தின்றால் என்ன, குண்டு தின்றால் என்ன, எனக்கு நட்டம் ஒன்றுதான்.

6. இனி என் கொழுந்தன் திரு. பாஸ்கல் அவர்களைப் பற்றி. என் கணவரின் ஒரே தம்பி. எங்கள் தோட்டத்துக்கு நேர் மேலே அவருடைய தோட்டமும் வீடும் உள்ளன. முன்னூற்றுப் பதினைந்து என்னும் பெரிய தோட்டா ரைபிள்தான் வாங்கவேண்டும், வேறெதையும் தொடக்கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் கூப்பிடாமலேயே கடைக்குக் கூட வந்தார். கடைக்காரர் நீட்டிய ரைபிளைக் கையில் வாங்கித் தன் தோளில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, சுவரில் இருந்த காலண்டரைக் குறிபார்த்தார். தோளில் பதியும் பின்கட்டை குட்டையாக இருக்கிறது, பின்னால் ஒரு ரப்பர் மெத்தை வைத்து நீட்டிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் அவரே சொன்னார். ஐயா, என் கணவர் வீட்டு ஆண்கள் எல்லோரும் நெடியவர்கள். நான் அவர் நெஞ்சு உயரம்தான் இருப்பேன். நான் வாங்கிப் பார்த்தபோது நீட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டை எனக்கு நீளமாக இருந்தது, கன்னம் படவேண்டிய இடத்தில் படவில்லை. இன்னும் நீட்டினால் நான் எப்படிச் சுடுவது என்று கேட்டதற்கு அவர், "மதினி, நீங்க எங்க சுடப் போறீங்க? லைசென்ஸ் ஒங்க பேருல இருக்கட்டும், ஆளு நா இருக்கேம்லா" என்றார். கடைக்காரரும் சிரித்தார்.

7. சரி, இரட்டைக்குழல் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். ஏலச்சரம் கிழியும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரும் ஏல விவசாயிதானே. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தக் குண்டெல்லாம் கறிக்குள்ள கெடக்கும், திங்கும்போது பல்லுல நறுக்குன்னு மாட்டும் மதினி" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவேண்டும் என்பது விதி. அதைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எங்களுக்குப் படித்தே காட்டினார்கள், அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். புதைக்கப்போகிற பன்றியின் குண்டு யாருடைய பல்லில் மாட்டும்? இதைத் தாங்கள் விசாரிக்கவேண்டும்.

8. அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்தேன். என் மேல் எல்லையில், அவர் வேலிக்குக் கீழே இருக்கும் மண்திட்டின் அடியில், கப்பைத்தோலும் சக்கைமடலும் குவிந்து கிடந்தன. கப்பை என்று இங்கே சொல்லும் மரவள்ளிக்கிழங்கை நான் போடவில்லை. என்னிடம் பலாமரமும் இல்லை. கேட்டதற்கு உரம் தயாராகிறது என்றார். அவருடைய உரம் என் நிலத்தில் ஏன் தயாராகவேண்டும்? மேலும் சாயங்காலம் கிடக்கும் குவியல் விடிந்தால் இருப்பதில்லை. பன்றி கிண்டிய தடம் அந்த இடத்தில் தொடங்கித்தான் என் பாத்திகளுக்குள் இறங்குகிறது. அவர் தோட்டத்துக்குக் கம்பிவேலி இருப்பதால் அவருக்கு ஒரு செடிகூடப் போகவில்லை. எனக்கு உரிமம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் இந்தக் குவியல் தொடங்கியது. அதே சமயத்தில் அவர் வீட்டுக்குப் பெரிய ஃப்ரீசர் ஒன்று வந்திறங்கியது. ஐஸ்கிரீம் வியாபாரம் என்கிறார். எங்கள் மேட்டில் குளிருக்கு வாயைத் திறந்து பேசவே முடியாது, ஐஸ்கிரீம் யார் வாங்குவார்கள் என்று அவர் மனைவியிடமே கேட்டேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

9. கடைசியாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அங்கிருந்த எழுத்தர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி கிடைத்ததும் அவரையும் நான் சந்தேகித்தேன். ஆனால் அவர்தான், உரிமதாரருக்குப் பதிலாகத் துப்பாக்கியை வைத்திருந்து கையாளும் நபராகத் தன்னைச் சேர்க்கும்படி பாஸ்கல் வந்து கேட்டதையும், என் சம்மதம் இல்லாமல் அப்படிச் சேர்க்க முடியாது என்பதையும் எனக்குச் சொன்னார். எனவே எழுத்தர் மீதான என் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

10. இதையெல்லாம் அறிந்த பிறகு, பாஸ்கல் சொன்ன ரைபிளைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் வாங்குவது என்று வைராக்கியமாக இருந்தேன். "எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துருங்கம்மா" என்று மகள் போனில் சொன்னாள். அன்று சாயங்காலம் தோட்டத்தைக் கீழிருந்து மேல்வரை நடந்து பார்த்தேன். என் வீடு சரிவின் அடியில் இருக்கிறது. அதற்கும் கீழே, என் தோட்டத்தில் வேலை பார்க்கும் திரு. பாண்டியும் மற்றத் தொழிலாளர் குடும்பங்களும் குடியிருக்கும் லயம். லயத்துக்கு அப்பால் மலை இறங்கித் தமிழ்நாட்டுப் போடி பக்கம் போய்விடுகிறது. விசாரணைக்கு வந்த வில்லேஜ் ஆபீசர், நீங்கள் சுடும் தோட்டா எந்த மாநிலத்தில் போய் விழும் என்று கேட்டார். அன்று கிண்டல் என்று நினைத்தேன். அது நியாயமான கேள்வி.

11. ரைபிளின் ஒற்றைத் தோட்டா சிதறாது, சரத்தைக் கிழிக்காது, பன்றியை ஒரே வெடியில் வீழ்த்தும். ஆனால் வெகுதூரம் போகும். நான் என் வீட்டு முற்றத்தில் நின்று மேல்நோக்கிச் சுட்டால் குறி தப்பினாலும் தோட்டா மண்திட்டில் புதையும். திட்டு இரண்டாள் உயரம், அதைத் தாண்டாது. அதே ரைபிளோடு பாஸ்கல் தன் வேலியோரம் நின்று கீழ்நோக்கிச் சுட்டால், தப்புகிற தோட்டா லயத்துக்குப் போகும். அங்கே பிள்ளைகள் கல்பாவிய வாசலில்தான் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். ஆக, என் இடத்துக்கு எல்லா வகையிலும் ஏற்ற துப்பாக்கி அந்த ரைபிள்தான், அதைப் பிடிக்கவேண்டிய ஆள் நான்தான். பாஸ்கல் சொன்னது சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள எனக்கு நிறைய நாள் பிடித்தது. இப்போதும் மனம் வந்து எழுதவில்லை. தோட்டத்துக்கு யானை வந்தால் விரட்டத் தகரம் தட்டுவதும் பட்டாசும் போதும், அதை நோக்கி எதையும் நீட்டமாட்டேன்.

12. கடைக்குத் தனியாகப் போய், ரப்பர் மெத்தை வேண்டாம் என்றும், உரிமம் வந்ததும் பின்கட்டையை என் தோளுக்கு அளவாக வெட்டித் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வெட்டினால் பிறகு ஆண்கள் யாரும் வசதியாகச் சுட முடியாதே என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். அதற்காகத்தான் வெட்டச் சொல்கிறேன் என்றேன்.

எனவே, ஐயா அவர்கள் தயவுசெய்து:

அ) முன்னூற்றுப் பதினைந்து ரைபிள் ஒன்றை என் பெயரில் அனுமதிக்கவேண்டும். கையாளும் நபர் என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதாமல் கோடு போட்டு அடித்துவிடவேண்டும். காலியாக விட்டால் யாராவது எழுதிக்கொள்வார்கள்.

ஆ) என் எல்லையில் கப்பைத்தோல் கொட்டுவதை உரியவர்கள் நேரில் வந்து பார்க்கவேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

இ) தங்கள் பதில் தமிழில் வரவேண்டும். மலையாளத்தில் வந்தால் படித்துச் சொல்லச் சொல்லி என் கொழுந்தனிடம்தான் போகவேண்டியிருக்கும்.

ஈ) என் ரைபிள் இனி எப்போதும் அந்த மண்திட்டைத்தான் பார்த்திருக்கும், அவர் இருட்டும் நேரத்தில் தோல் கொட்ட வந்து குனிவதும் அந்தத் திட்டின் அடியில்தான் என்பதைத் தாங்கள் திரு. பாஸ்கலுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். நான் சொன்னால் மதினி மிரட்டுகிறாள் என்பார். அவர் அதைப் பெற்றுக் கையெழுத்துப் போட்ட தகவல் எனக்கு வரும்வரை, பன்றி எவ்வளவு தின்றாலும் சரி, ரைபிளில் தோட்டா போடமாட்டேன். தாய் இல்லாத அந்தப் பிள்ளையை என் கணவர்தான் தோளில் சுமந்து வளர்த்தார். அவர் தூக்கி வளர்த்த உடம்பில் என் கையால் ஒரு தோட்டா படக்கூடாது.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ம. இருதயம்மாள்

இடம்: கல்லூற்றுமேடு
நாள்: 14.11.2025