கம்பி மத்தாப்புப் பெட்டியில் காவ்யா

ஜூலை 14, திங்கள்

வெயில். ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது. சட்னி அரைக்கவில்லை, இட்லிக்குப் பொடி. காவ்யா பொடி வேண்டாமென்று சீனி தொட்டுக்கொண்டாள்.

பிரஸ்ஸில் தீபாவளி சீசன் நெருக்கடி. கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் புது டிசைன், அவசரம். வழக்கமாக இன்டர்நெட்டில் ஏதாவது வெள்ளைக்காரக் குழந்தையை எடுத்துப் போட்டுவிடுவேன். போன வருஷம் ஒரு குழந்தையின் வீட்டார் எங்கிருந்தோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் சொந்தப் போட்டோ. பட்டாசுக் கம்பெனிக்காரரின் பேத்தியை எடுப்பதாக ஏற்பாடு. கவுன் வாங்கியாயிற்று, போட்டோகிராபருக்கும் சொல்லியாயிற்று. மத்தியானம் போன், பேத்தி வரவில்லையாம். காரணம் சொல்லவில்லை.

பிரஸ் முதலாளி என் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றார். "ஏம்மா, ஒனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்குல்ல? நாலாப்புதான படிக்கி?"

ஆமா சார் என்றேன். யோசிக்கவே இல்லை. சந்தோஷம்தான்.

மறக்காமல்: கேஸ் புக் பண்ண. உளுந்து. காவ்யா அப்பா சட்டையைத் தனியாக ஊறப்போட, அலுமினியப் பவுடர் எல்லாத் துணியிலும் ஏறிவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

காவ்யாவிடம் சொன்னேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மளிகைக் கடைக்காரரிடமும். "தீவாளிக்கு ஒங்க கடையிலயும் நான் இருப்பேன்." கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்துப் பார்க்கிறாள், பல் தெரிய ஒன்று, தெரியாமல் ஒன்று. எது வேண்டும் என்று கேட்டாள். பல் தெரிய என்றேன்.

அவர் அச்சங்குளத்தில் பட்டாசு வேலை முடிந்து வந்தார், காது மடல் வரை வெள்ளிப் பவுடர். "நம்ம பிள்ளையா? பெட்டியிலயா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். குளிக்கும்போது பாட்டு. அவர் பாடிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஜூலை 17, வியாழன்

பிரஸ் குடோனில் போட்டோ. பேத்திக்கு வாங்கிய ரோஸ் கவுன்தான். காவ்யாவுக்குத் தொளதொள. முதுகில் மடித்து ஊக்கு குத்தினேன்.

பிரஸ்ஸுக்குள் நெருப்பு கூடாது, மத்தாப்பைப் பற்ற வைக்கவில்லை. "வெறும் கம்பியவா பிடிக்கணும்?" என்றாள். போட்டோகிராபர், "ஒங்கம்மா கம்ப்யூட்டர்ல பத்த வச்சிருவாக பாப்பா" என்றார். அவளுக்கு என்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

முடிந்ததும் கவுனை மடித்துக் கவரில் போட்டு ஆபீஸில் கொடுத்தோம்.

ஜூலை 18, வெள்ளி

படம் நன்றாக வந்திருந்தது. பொறி சேர்த்து ஒரு பிரிண்ட் எடுத்தேன். புருவத்தில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு, முன்பல் சந்து, எல்லாம் அவளேதான். முதலாளி தூரத்திலிருந்தே பார்த்தார்.

"கலர் பத்தல. ஏத்தும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. எல்லாப் படத்துக்கும் சொல்வதுதான். ஏற்றினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

ஏற்றினேன். கன்னத்தில் ரோஸ். தழும்பை எடுத்தேன். பல் சந்தை அடைத்தேன். மூக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் ஒடுக்கினேன். எத்தனை முகம் செய்திருப்பேன், கை அதுபாட்டுக்குப் போகிறது. பட்டாசுக் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. பழைய பிரிண்ட் வேஸ்ட் கூடைக்கு.

நான் கறுப்பு. அவர் என்னைவிடக் கறுப்பு. வீட்டில் யாரும் அதைக் குறையாகப் பேசியதில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். டீதான் வந்தது. குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

காற்று, தூசி. கண் உறுத்தல். சாப்பாட்டு நேரத்தில் மிஷின்மேன் செல்வம் அண்ணன் அந்தப் பேத்தி ஏன் வரவில்லை என்று சொன்னார்.

"பிள்ளையோட அம்மா ஒத்துக்கலையாம் தங்கச்சி. தீவாளி முடிஞ்சா பெட்டியக் கிழிச்சுத் தெருவுல போடுவாக. அம்புட்டுப் பேரும் மிதிப்பாக. பொம்பளப்பிள்ள மொகம் காலடியில கெடக்கலாமான்னு ஒரே அழுகையாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தன் டப்பாவிலிருந்து மோர் மிளகாய் ஒன்றை எடுத்து என் டப்பாவில் வைத்தார்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவுக பிள்ளன்னா பாப்பாக" என்றார். காவ்யா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாது என்று நினைத்தோம்.

ஜூலை 23, புதன்

பெட்டிப் படத்தின் ப்ரூஃப் ஷீட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காவ்யா வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானா?"

"நீதான்."

"எம்புட்டு அழகா இருக்கு." இருக்கேன் என்று சொல்லவில்லை.

பீரோ கதவில் ஒட்டினோம். அப்புறம் கேட்டாள், "ம்மா, இதத் தெருவுல போட்டு மிதிப்பாகளா?"

"யாரு சொன்னா?"

"நீதான் அப்பாட்ட சொன்னேல்ல."

யாரும் மிதிக்க மாட்டாங்க என்றேன். பச்சைப் பொய். "பாவம்மா இந்தப் பிள்ள" என்று படத்தைத் தடவிக் கொடுத்தாள். சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

ஷீட்டைப் பிரித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். கசங்காமல் திரும்பி வந்தது. என்ன சொன்னாங்க என்றேன்.

"டீச்சர் நல்லாருக்குன்னாங்க. யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா செஞ்ச படம்னு சொன்னேன்."

சாயங்காலம் பூராவும் குழாயடியில் முகம் கழுவினாள். சோப்புக் கரைகிறது என்று திட்டினேன். அதற்கு மட்டும் திட்டத் தெரிகிறது. இனி அவளுக்கு அவள் முகம் பிடிக்காமலே போய்விடுமோ என்று பயம். பயம் என்று எழுதுகிறேன், நெஞ்சில் ஒன்றையும் காணோம். மரத்துக் கிடக்கிறது.

கேஸ் இன்னும் வரவில்லை.

ஜூலை 26, சனி

அவருக்கு ஓவர்டைம். காவ்யாவைப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். பெட்டி அச்சு இன்றைக்குத்தான் ஓடுகிறது. ஷீட்டுக்குப் பன்னிரண்டு முகம். மிஷின் ரூம் வாசலில் மை டப்பா கவிழ்ந்துவிட்டது. செல்வம் அண்ணன் வேஸ்ட்டான பெட்டி ஷீட்டுகளை அள்ளித் தரை முழுக்க விரித்தார். கூடையில் கிடந்ததையும் சேர்த்து. அதில் என்னுடைய முதல் பிரிண்டும் இருந்தது, கலர் ஏற்றாதது, தழும்போடு.

காவ்யா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே இடம் பார்த்துப் பார்த்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில்.

"வழுக்கும் தாயி, மிதிச்சு நேரா வா!" செல்வம் அண்ணன் கத்தினார். கேட்கவில்லை. ஒரு முகத்தின் மேலும் கால் படவில்லை. கடைசியில் இடமில்லாத ஓர் இடத்தில் முதல் பிரிண்டின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து என் பக்கம் தாவினாள்.

"எல்லாத்தையும் சுத்தி வந்த, அதுல மட்டும் ஏறி நிக்கியே?"

திரும்பிப் பார்த்தாள்.

"அது நான்தானம்மா."

செருப்படியில் மை. வாசல்படியில் தேய்த்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டில் மூடி திறக்க வரவில்லை, என்னிடம் நீட்டினாள்.