முட்டிக்கடியில் அத்தாவின் கைலி

உளுந்தூர்பேட்டை

அன்பு மகள் ஃபரீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜெபீனாவும் துபாயில் சுகமாக இருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். போனில் முட்டி என்று வாயைத் திறந்தாலே நீ ஆபரேஷன், சென்னை, தேதி வாங்கிவிட்டேன் என்று ஆரம்பித்துவிடுகிறாய், என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் எழுத்து கோணலானாலும் பரவாயில்லை என்று எழுதி, அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு ரியாசுதீனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அத்தா மவுத்தான பிறகு, இத்தா என்று வீட்டோடு துக்கம் காத்த நாலு மாசமும் நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, நடக்காதே என்று யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் எதற்கு நடக்க வேண்டும் என்று இருந்தது. அப்புறம் எழுந்தால் முட்டி மடங்கி ஆளைத் தள்ளியது, அன்றிலிருந்து நாற்காலியில்தான் தொழுகை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தரையில் நெற்றி வைத்து உன் அத்தாவுக்காகக் கேட்க முடியவில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாக இருக்கிறது, தொடைச் சதைதான் இளைத்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று பயிற்சி சொல்லித்தரும் ஷாலினி என்ற பெண்ணிடம் அனுப்பினார். அவள், தொடையின் முன்பக்கச் சதையெல்லாம் கீழே வரவர ஒரு வெள்ளைப் பட்டையாகி, முட்டிச் சில்லைக் கவ்விக்கொண்டு, அதையும் தாண்டி கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் போய் ஒட்டுகிறது என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். முட்டியில் வலி, நீ தொடையைப் பிடிக்கிறாயே என்று கேட்டேன். "முட்டி மேல பழி போடாதீங்கம்மா, தொடைதான் தூங்கிக்கினு இருக்குது" என்று சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால், உன் சச்சா அமீனுல்லா நம் கறிக்கடையிலிருந்து ஆட்டின் பின்னங்கால் ஒன்றை முழுசாகக் கொண்டுவந்தார், கல்வராயன் மலை ஆடு, நல்ல கால். தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு மேல் சதையை இழுத்தார், மடங்கியிருந்த கீழ்க்கால் விசுக்கென்று நீண்டது. "செத்த காலே நீட்டுது அண்ணி, உங்க காலுக்கு இன்னா கேடு" என்றார். அத்தா போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ சின்னப் பிள்ளையாகக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது உன் அத்தா இப்படித்தான் இழுத்துக் காட்டுவார், ஆடு உதைக்குது என்று நீ கத்துவாய், ஞாபகம் இருக்கிறதா. நீயும் உட்கார்ந்து முட்டிக்குப் பின்னால் தொட்டுப் பார், இரண்டு ஓரத்திலும் கயிறு மாதிரி தட்டுப்படும், காலை மடக்குவது அவைதான்.

பிறகு ஷாலினி சொன்னபடி அத்தாவின் பழைய கைலியைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து, அதை அழுத்தி அழுத்தித் தொடையை இறுக்கிப் பழகினேன். அவருடைய மற்ற துணியெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது, கோபிக்காதே. போன வெள்ளிக்கிழமை நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பயந்து பயந்து மண்டியிட்டேன், நெற்றி தரையில் பட்டது. கேட்க வேண்டியதையெல்லாம் உன் அத்தாவுக்காகக் கேட்டேன். எழும்போது பீரோவைப் பிடிக்கவில்லை.

அதனால் அந்தத் தேதியை ரத்து செய்யச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், இடையில் எழுந்து நட. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவான். ஊருக்கு வரும்போது என் நாற்காலியைத் தேடாதே, அமீனுல்லா கடைக்குக் கொண்டுபோய்விட்டார், இப்போது அவர்தான் அதை விட்டு எழுவதில்லை.

துஆவுடன்,
உன் அம்மா
கமர் ஜஹான்