வழி தப்பி வந்தியா, மக்கா?

இன்று காலை நம் காவல்காரன் குரைத்தான். மேசையில் மீன் ஊறுகாய் பாட்டில் திறந்திருந்தது. இனயம் கடற்கரை ஊர்ப் பெண்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்கான முதல் சூரை ஊறுகாயை ருசி பார்க்க அனுப்பியிருந்தார்கள். விரலை நக்கிக்கொண்டே கணினியைப் பார்த்தேன். சிவப்பு எழுத்து. நீ இருந்திருந்தால் முதலில் பாட்டிலைத்தான் பார்த்திருப்பாய்.

காவல்காரன் என்று பெயர் வைத்தவளே நீதான். மார்த்தாண்டத்து மாடி அறையில் உட்கார்ந்து நாம் பார்த்துக்கொண்ட கடைகளின் இணையதளங்களை நாள் முழுக்கச் சுற்றிவந்து, எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, எந்தப் பூட்டு பழசாகிவிட்டது என்று சொல்லும் சேவை. ஒரே பூட்டுக்கு இருபது எச்சரிக்கை அனுப்பும். "குரைக்கத் தெரியும், எதுக்குன்னு சொல்லத் தெரியாது. சவம்!" என்று திட்டுவாய்.

இப்போது அவனுக்குப் புத்தி வந்துவிட்டது, கேட்டியா. இந்த மாதம் புது வசதிகள் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கோளாறுக்கு ஒரே எச்சரிக்கைதான். அதை எப்படிச் சரிசெய்வது என்றும் புரியும்படி சொல்கிறான். அதோடு, நம் தளத்தின் பெயரைப் போலவே வேறு யாராவது பெயர் வைத்திருந்தால் பிடித்துக் கொடுக்கிறான். அதில்தான் இன்று ஒன்று சிக்கியது. அந்த இனயத்துப் பெண்களின் ஊறுகாய்க் கடைப் பெயரில் இன்னொரு இணைய முகவரி. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

கிறிஸ்துமஸ் ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. வளைகுடாவில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் யோசிக்காமல் பணம் கட்டிவிடுவார்கள். எவனாவது கள்ளன் புகுந்து அந்தப் பெண்களின் பெயரைக் கெடுத்தால்? பயந்துகொண்டே அந்த முகவரியைத் திறந்தேன்.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி. "வழி தப்பி வந்தியா மக்கா? பயப்படாத, கடை இந்தப் பக்கம்." மூன்று விநாடியில் அது என்னை நம் கடைக்கே கொண்டுவந்து விட்டது.

அடிப்பாவி!

கடைக்குப் பெயர் பதிந்த அன்று நாம் போட்ட சண்டை கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது. கடைப் பெயரில் வரும் இனயத்தை ஆங்கிலத்தில் எழுத முதல் எழுத்து 'ஈ' என்றேன் நான். ஊர்ப் பலகையில் அப்படித்தான் இருந்தது. நீ பிறந்த ஊர் அல்லவா, எகிறினாய். "ஈ போட்டா எனயம்னுல்லா வாசிப்பாவ. ஐ-தான் ஏட்டி! பேச்சிப்பாறை மலையில இருந்து எறங்கி வந்தவளுக்குக் கடப்புறத்துப் பேரு என்ன தெரியும்?"

ஊறுகாய்க் குழுவின் பெண்கள் கைதூக்கி முடிவு சொன்னார்கள், நான் ஜெயித்தேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து, "சரி, தோத்துட்டேன், தின்னு" என்றாய். அந்த இரண்டு நாளில் என்ன செய்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. தோற்ற எழுத்திலும் ஒரு முகவரியைப் பதிந்து, தப்பாய் எழுதி வருகிறவர்களுக்கு வழிகாட்ட நிறுத்திவிட்டாய். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே பதிந்திருக்கிறாய். என்னிடம் மூச்சு விடவில்லையே.

அந்த ஐந்து வருடம் அடுத்த வியாழனோடு முடிகிறது. விட்டால் நிஜக் கள்ளனே அதை எடுத்துக்கொள்ளலாம். பதிவோ உன் போன் எண்ணில். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அந்த எண் இன்னும் இருக்குமா? தயங்கித் தயங்கி உன் வீட்டுக்காரரை அழைத்தேன்.

"அந்த நம்பரை நான் விடல்ல தங்கச்சி. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுதேன். எதுக்குன்னு கேக்காத."

உன் போனுக்கு ஓடிபி வந்தது. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அப்புறம், அந்தப் பக்கத்தில் அவள் என்ன எழுதி வைத்திருக்கிறாள் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். சிரித்தார் பார், அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டே வெகுநாளாகிறது. "அவளேதான்" என்றார்.

இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். உன் வரியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. காவல்காரன் கேட்டான்: இந்த முகவரி ஆபத்தானதா, உங்களுடையதா? 'எங்களுடையது' என்று அழுத்தினேன். அழுத்தும்போது கொஞ்சம் அழுதேன்; ஊறுகாய்க் காரம் என்று வைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் கடைத்தளத்துக்குப் போக நான் 'ஐ' போட்டுத்தான் எழுதப்போகிறேன். தினமும் காலையில் நீ கேட்பாய், வழி தப்பி வந்தியா மக்கா என்று.

இல்லட்டி. நீ சொன்ன எழுத்தப் போட்டுத்தான் வந்தேன்.