வெறும் வயிறு

1974 பங்குனி, புதன் இரவு

எங்கள் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர்களுக்கான புதுப் பரிசோதனைக் கூடத்தை இன்று திறந்தாயிற்று. இனி இரத்தம் பார்ப்பதற்காக யாரும் வாட்டில் படுக்க வேண்டியதில்லை. நல்ல காரியம்தான். ஆனால் நித்திரை வரவில்லை.

சீனி வருத்தக்காரர் எல்லாரையும் வெறும் வயிற்றோடு விடிய வரச் சொல்லியிருந்தோம். கிண்ணியாவிலிருந்து சுபைதா உம்மா, காலில் ஆறாத புண்ணோடு, முதல் படகிலேயே வந்துவிட்டார். றிபன் வெட்ட வேண்டிய பெரிய ஆள் வெயில் ஏறித்தான் வந்தார். அதுவரை கதவு பூட்டு. வெட்டி முடிந்ததும், தாதிமார் எங்களுக்குத் தலைவியான மேற்றன் அம்மா வாங்குகளில் இருந்த எல்லாருக்கும் தன் கையாலேயே பாற்சோறும் சர்க்கரையும் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் உள்ளே ஊசியோடு நின்றேன். முதலில் வந்த சுபைதா உம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உம்மா, சாப்பிட்டிட்டீங்களோ?"

"ஓம் மிஸ்ஸி. நல்ல நாளில சிரிச்சுக்கொண்டு தாறாங்க. வேணாமெண்டு எப்பிடிச் சொல்ற?"

இன்று ஒருவருக்கும் இரத்தம் எடுக்கவில்லை. மேற்றன் அம்மாவிடம் சொன்னேன். "ஐயோ பிள்ளை, எனக்கு அந்த நினைப்பே வரேல்லையே" என்று கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். அவரிடம் எப்படிக் கோபிப்பது?

நாளைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் வரும்படி உம்மாவிடம் சொன்னேன். புண்காலை மெல்ல ஊன்றி நடந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"வாறன் மிஸ்ஸி. நாளைக்கும் றிபன் வெட்டித்தான் திறப்பாங்களா?"